டி20-ஐத் தூக்கிட்டு 3டி6 போட்டா சண்டை அடங்குமா?

ஒயிட்ஃபீல்டு | 08-03-2025, இரவு 11:40

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு வீரனா கதைக்குள்ள ஆடுற பகடை விளையாட்டு) ஐந்தாம் பதிப்பு, 2014 விதி, முதல் லெவல், அஞ்சு பேர். இருபது முகப் பகடைதான் (டி20) எங்க சண்டையைக் கெடுக்குது. 1 விழவும் 20 விழவும் ஒரே வாய்ப்பு. நல்லா செஞ்ச ஃபைட்டர் நாலு ரவுண்டும் காத்தை வெட்டிட்டு நிக்கிறான். எங்கிருந்தோ ஒரு காப்ளின் (குட்டி அரக்கன்) ஒரே அம்புல விஸார்டை (மந்திரவாதி) சாய்ச்சிடுது. டி20-க்குப் பதிலா மூணு ஆறுமுகப் பகடை (3டி6) உருட்டினா 10, 11 தான் அதிகம் விழும், இந்தத் தாறுமாறு அடங்கும். ஏசி (கவச எண், உருட்டும் போனஸும் சேர்ந்து இதை எட்டினா அடி படும்), போனஸ், ஹெச்பி (உயிர்ப் புள்ளி) எதையும் தொடப்போறதில்லை. கணக்கு போட்டுப் பார்த்தவங்க இருந்தா சொல்லுங்க. ஞாயிறு மதியம் பெங்களூரு எம்.ஜி. ரோட்டுல மேசை 4 மணி நேரம்தான், சண்டை இழுத்தா கதையே நகராது.

ஜெயநகர் | 09-03-2025, காலை 7:15

மாத்தாதீங்க. அடி உருட்டுல கடைசியா மிஞ்சுறது பட்டுதா, படலையான்னு ரெண்டே முடிவு. 13 தேவைன்னா (தேவைங்கிறது ஏசியில போனஸைக் கழிச்சது) 13-உம் 19-உம் ஒண்ணு, 2-உம் 12-உம் ஒண்ணு. பகடை எந்த வளைவுல விழுந்தாலும் எல்லாம் சேர்ந்து ஒரே சதவீதமா சுருங்கிடும். 60% வாய்ப்பு எந்தப் பகடையிலிருந்து வந்தாலும் 60%தான். 3டி6 செய்யுறது அந்தச் சதவீதத்தை இடம் மாத்துறது மட்டும்:

தேவை 7: டி20-இல் 70%, 3டி6-இல் 90.7%
தேவை 10: 55%, 62.5%
தேவை 13: 40%, 25.9%
தேவை 15: 30%, 9.3%

அதாவது சுலபமான எதிரி இன்னும் சுலபம், கஷ்டமான எதிரி கிட்டத்தட்ட தொடவே முடியாத ஆள். பிளேட் கவசமும் கேடயமும் போட்டு ஏசி 20 வெச்சிருக்கிறவனை +5 போனஸ் ஆள் நூத்துல 9 தடவைதான் தொடுவான். எதிரி விஸார்டு ஷீல்டு மந்திரம் போட்டா ஏசி 5 ஏறும், தேவை 10 இருந்தது 15 ஆகும். டி20-இல் அது 55-இலிருந்து 30. 3டி6-இல் 62.5-இலிருந்து 9.3. முதல் லெவல் மந்திரத்துக்கு அவ்வளவு பலம் இந்த விதிப்புத்தகம் எதிர்பார்க்கலை.

நடுப்பகுதியில ஒரு +1 டி20-இல் எப்பவும் 5%. 3டி6-இல் தேவை 11-லிருந்து 10-க்கு இறங்கினா 50% நேரா 62.5% ஆகும். +1 வாள் கொடுக்கிறது சாதாரணப் பரிசா இருக்காது.

அல்சூர் | 09-03-2025, காலை 9:02

கிரிட்டை (அடிப் பகடை இரட்டிப்பாகுற உருட்டு) மறந்துட்டீங்களே அண்ணா. நேச்சுரல் 20 (போனஸ் சேர்க்காம பகடையிலேயே 20) விழ 5%. மூணும் 6 விழ 216-இல் 1, அதாவது 0.46%. ரோக் (பதுங்கி அடிக்கிறவன்) ஸ்னீக் அட்டாக் பகடையை இரட்டிப்பாக்கக் காத்திருக்கிற ஆள், வருஷம் முழுக்க ஆடினாலும் ஒண்ணு ரெண்டு பார்த்தா பெரிசு. மாத்தியே தீரணும்னா 16 முதல் 18 வரை கிரிட்னு வைங்க, 10/216, 4.63% வரும். 19, 20 ரெண்டுலயும் கிரிட் வர்ற சாம்பியன் ஃபைட்டருக்கு 15 முதல் 18 வரை, 9.26%. இதைச் சேர்க்காம மாத்துறது அந்த கிளாஸையே (வீரர் வகையையே) கொல்றது.

இன்னொண்ணு. விஸார்டைக் காப்பாத்தத்தானே மாத்துறீங்க? கணக்கு எதிர்ப்பக்கம் போகுது. முதல் லெவல் விஸார்டு, டெக்ஸ் (சுறுசுறுப்பு) 14, கான் (உடல் உறுதி) 14: ஏசி 12, ஹெச்பி 8. காப்ளின் வில்லுக்கு +4, அடி 1டி6+2. தேவை 8.

டி20-இல் படுற வாய்ப்பு 65%. கிரிட் இல்லாத 60%-இல் அடி 8 வர பகடையில 6 விழணும்: 10%. கிரிட் 5%, 2டி6-இல் 6-உம் மேலும் வர 26/36: 3.6%. ஒரே அம்புல விழ மொத்தம் 13.6%.

3டி6-இல் படுற வாய்ப்பு 83.8%. கிரிட் 16-18 வெச்சா, ஒரே அம்புல விழ 16.5%.

ரெண்டு அம்பு பட்டா ரெண்டு முறையிலயும் கதை ஒண்ணுதான்: 36-இல் 33 தடவை ஆள் தரையில.

ஒயிட்ஃபீல்டு | 09-03-2025, பகல் 1:30

அக்கா, 83.8 பார்த்ததும் பகடையை உள்ளே வெச்சுட்டேன். சரி, டி20 இருக்கட்டும். ஆனா ஃபைட்டர் நாலு ரவுண்டும் தவறவிடுற விஷயம் நிஜம்தானே? அதுக்கு என்ன வழி?

ஜெயநகர் | 09-03-2025, இரவு 10:05

நிஜம்தான். காரணம் பகடை இல்லை, எண்ணிக்கை. முதல் லெவல்ல ஒரு ஆளுக்கு ரவுண்டுக்கு ஒரு அடி, சண்டை நாலு ரவுண்டு, ஆக நாலே உருட்டு. 60% வாய்ப்புல நாலும் தவற 2.56%. நாலுல ஒண்ணுகூடப் படாம, இல்லை ஒண்ணே ஒண்ணு மட்டும் பட்டு முடிய 17.9%. இது ஒரு ஆளுக்கு. மேசையில அஞ்சு பேர் இருக்காங்க. அஞ்சுல ஒருத்தராவது அப்படி மாட்டிக்க 1 − 0.8208^5, அதாவது 62.7%. பாதிக்கு மேல சண்டைகள்ல யாராவது ஒருத்தர் கைகட்டி உட்கார்ந்திருந்த மாதிரி உணர்வாங்க. அதுவும் எல்லாரும் 60% அடிக்கும்போது. எந்த டிஎம்மும் (ஆட்டத்தை நடத்துறவர்) தப்பு பண்ணாமலே நடக்கிறது இது.

சிதறலைக் குறைக்க ரெண்டே வழி. உருட்டு எண்ணிக்கையைக் கூட்டணும், இல்லை தவறின உருட்டுக்கும் ஏதாவது கிடைக்கணும்.

முதல் வழிக்கு உதாரணம்: 8 புள்ளி அடி ஒரு தடவை, இல்லை 4 புள்ளி அடி ரெண்டு தடவை. சராசரி ஒண்ணுதான். ஒரு ரவுண்டு முழுக்க வெறுங்கையா போற வாய்ப்பு 40%-லிருந்து 16%. அஞ்சாம் லெவல்ல எக்ஸ்ட்ரா அட்டாக் (ரவுண்டுக்கு ரெண்டு அடி) வந்ததும் புகார் குறையறதுக்கு இதுதான் காரணம். ஆனா உருட்டு கூடினா நேரமும் கூடும், உங்களுக்கு 4 மணி நேரம்தான்.

ரெண்டாவது வழி உங்களுக்குப் பொருந்தும். 2024 விதியில கிரேட்ஸ்வோர்டுக்கும் (பெரிய வாள்) கிளைவுக்கும் (நீளக் கம்பு வாள்) கிரேஸ்னு ஒண்ணு உண்டு: தவறினாலும் ஸ்ட்ரெங்த் (பலம்) போனஸ் அளவு அடி. 2014 மேசையிலும் இதை வெச்சுக்கலாம். 2டி6+3, சராசரி 10, 60%: கிரிட்டை விட்டுப் பார்த்தா ரவுண்டுக்கு 6. தவறுற 40%-இல் 3 சேர்த்தா 7.2. அஞ்சுல ஒரு பங்கு கூடுது, அதனால பெரிய எதிரிக்கு ஹெச்பி அஞ்சுல ஒரு பங்கு ஏத்துங்க. ஓகருக்கு (பெரிய அரக்கன்) 59-ஐ 70 ஆக்குங்க. காப்ளின் 7-ஐத் தொடவேண்டாம்.

அட்வான்டேஜும் (ரெண்டு டி20 உருட்டிப் பெரிசை எடுக்கிறது) இதே வேலையைச் செய்யும். 60% அட்வான்டேஜ்ல 84% ஆகும், நாலும் தவற 0.07%-க்கும் கீழ. ஃபைட்டர் தவறிட்டே இருந்தா, சண்டை நடக்கிற இடத்துல மேசை நாற்காலி, சரிவு, கயிறு, எண்ணெய்னு அட்வான்டேஜ் எடுக்க வழி வைங்க. பகடையை மாத்துறதை விட இது பலமான மருந்து.

பானஸ்வாடி | 10-03-2025, காலை 8:20

3டி6-ஐக் குறை சொல்லிட்டுப் போகாதீங்க. 1986-இல் ஸ்டீவ் ஜாக்சன் கொண்டு வந்த கர்ப்ஸ்ங்கிற விளையாட்டு முழுக்க 3டி6-இல் ஓடுது, அருமையா ஓடுது. ஏன்னா அங்கே சண்டை விதியே அந்த வளைவுக்குக் கட்டினது. உருட்டினது உங்க திறன் எண்ணுக்குச் சமமோ கீழோ இருந்தா அடி. அப்புறம் எதிரி டாட்ஜ் (விலகல்), பாரி (ஆயுதத்தால தடுப்பு), பிளாக் (கேடயத்தால தடுப்பு)னு தனியா தற்காப்பு உருட்டுவான்.

அதுல ஒரு சிக்கல் வரும்: ரெண்டு பக்கமும் தேர்ந்த ஆளுங்கன்னா அடி எல்லாம் தடுக்கப்படும், சண்டை நகராது. அதை உடைக்கிறதுதான் டிசெப்டிவ் அட்டாக் (போக்குக்காட்டி அடிக்கிறது). உங்க திறன்ல 2 விட்டுக்கொடுத்தா எதிரியோட தற்காப்புல 1 குறையும். திறன் 16, எதிரி பாரி 10 வெச்சு, தற்காப்பைத் தாண்டிப் போற கிரிட்டையும் சேர்த்து:

நேரா அடிச்சா 53.7%
2 விட்டா 57.4%
4 விட்டா 55.3%

2 விட்டா லாபம், 4 விட்டா லாபத்துல கொஞ்சம் திரும்பிப் போயிடும். திறன் 16-இல் 6 வரைக்கும் கிரிட், 14-க்கு இறங்கினதும் 4 வரைக்கும்தான். அந்த இழப்பையும் மீறி லாபம் நிக்குது. திறன் 16-க்கும் 14-க்கும் நடுவுல இழக்கிறது 98.1-இலிருந்து 90.7 மட்டும், எதிரி இழக்கிறது 50-இலிருந்து 37.5. வளைவோட ஓரத்துல இருக்கிறவன் நடுவுல இருக்கிறவன்கிட்ட வியாபாரம் பண்றான். இந்த அழகு டி20-இல் வரவே வராது, அங்கே எந்த இடத்துலயும் 1-க்கு 5% தான்.

ஜெயநகர் | 10-03-2025, காலை 8:55

ஒத்துக்கிறேன். ஒரு விளையாட்டுக்குள்ள வளைவு இருக்கலாம், ஆனா விதியோட சேர்ந்து வரணும். வெறும் பகடையை மட்டும் பிடுங்கி நட்டா வேர் பிடிக்காது.

அல்சூர் | 10-03-2025, இரவு 9:30

சராசரி சராசரின்னு பேசுறதுல ஒரு ஓட்டை இருக்கு. கிரேட்ஆக்ஸ் 1டி12 சராசரி 6.5, கிரேட்ஸ்வோர்டு 2டி6 சராசரி 7. அரைப் புள்ளிதானேன்னு எல்லாரும் விட்டுடுவாங்க. ஸ்ட்ரெங்த் +3, எதிர்ல 7 ஹெச்பி காப்ளின். அடி பட்டதும் சாக பகடையில 4 வேணும். கோடாலி 75%. வாள் 33/36, அதாவது 91.7%. அரைப் புள்ளி வித்தியாசம் இங்கே கிட்டத்தட்ட 17%.

எதிரி கிட்ட மிச்சம் 10 ஹெச்பின்னா வாள் 58.3, கோடாலி 50. மிச்சம் 11-இல் ரெண்டும் சரியா 41.7. மிச்சம் 12-லிருந்து கோடாலி முந்தும், 14-இல் வாள் 8.3, கோடாலி 16.7. ஒரே அடியில முடிக்கணும்னா சின்ன எதிரிக்கு வாள், கொஞ்சம் பெரிய எதிரிக்குக் கோடாலி. ஓகர் மாதிரி ஆறேழு அடி தேவைப்படுற எதிரிக்கு மட்டும்தான் சராசரியை நம்பலாம்.

முதல் லெவல் விஸார்டுக்கு நான் சொல்றது: தொடக்க ஹெச்பியில கான் போனஸுக்கு (+2) பதிலா கான் எண்ணையே (14) கூட்டுங்க. 8 இருந்தது 20 ஆகும். காப்ளினோட ஒரே அம்பு கிரிட்ல அதிகபட்சம் 14, ஒரே அடியில சாவு சுத்தமா போயிடும். ரெண்டாம் லெவல்லிருந்து வழக்கம்போல ஏத்துங்க. மந்திரம் மிச்சமிருந்தா மேஜ் ஆர்மர், ஏசி 15, படுற வாய்ப்பு 65-லிருந்து 50.

ஒயிட்ஃபீல்டு | 11-03-2025, காலை 7:50

எங்க ஃபைட்டர் நாலாம் லெவல்ல கிரேட் வெபன் மாஸ்டர்ங்கிற சிறப்புத் திறமையை எடுக்கணும்னு குதிக்கிறான். உருட்டுல −5 வாங்கிட்டு +10 அடி. எப்போ லாபம்?

ஜெயநகர் | 11-03-2025, பகல் 12:40

எதிரியோட ஏசி, உங்க தாக்கு போனஸ் + 16-லிருந்து சராசரி அடியில பாதியைக் கழிச்சு வர எண்ணுக்குக் கீழ இருந்தா லாபம். ஸ்ட்ரெங்த் +4, ப்ரொஃபிஷியன்ஸி (லெவலோட ஏறுற தேர்ச்சி போனஸ்) +3 வந்த ஆள், 2டி6+4: போனஸ் 7, சராசரி 11. 7 + 16 − 5.5 = 17.5. ஏசி 17 வரைக்கும் எடு, 18-இல் விடு. சரிபார்க்க: ஏசி 17-இல் சாதாரணமா 0.55 × 11 = 6.05, எடுத்தா 0.30 × 21 = 6.3. ஏசி 18-இல் 5.5-க்கு 5.25. கிரிட் கூடுதல் பகடை ரெண்டு பக்கமும் ஒரே அளவுதான் சேரும், அதனால ஒப்பீடு மாறாது.

அல்சூர் | 11-03-2025, பகல் 1:10

அதே ஆள், அதே வாள், எதிர்ல ஏசி 15, 7 ஹெச்பி காப்ளின். சூத்திரம் எடுன்னு சொல்லும். சாதாரணமா அடிச்சாலே கொல்ல 63%. −5 வாங்கினா 40%. செத்தவனை இன்னும் 10 அடிச்சு என்ன பிரயோஜனம்? சூத்திரத்தைப் பெரிய எதிரிக்கு மட்டும் வெச்சுக்குங்க.

2024 புத்தகத்துக்கு மாறினா இந்தக் கேள்வியே இல்லை. −5/+10 போயிடுச்சு, கனமான ஆயுதத்துல அட்டாக் ஆக்ஷன் எடுக்கும்போது ப்ரொஃபிஷியன்ஸி போனஸ் அடியோட சேரும்.

ஒயிட்ஃபீல்டு | 13-03-2025, இரவு 11:15

ஞாயிறுக்கு இப்படி வைக்கிறேன்:
டி20 அப்படியே.
தொடக்க ஹெச்பியில கான் எண்ணு.
கனமான ஆயுதத்துக்குத் தவறினாலும் ஸ்ட்ரெங்த் அடி.
ரெண்டு பேர் எதிரியை நடுவுல வெச்சா அட்வான்டேஜ்.
நேச்சுரல் 1 விழுந்தா ஃபம்பிள் அட்டவணை, ஆயுதம் கைநழுவும்.
காப்ளின் 8 பேர் வந்தா கும்பல் விதி, உருட்டாம எண்ணிக்கைல அடி.

ஜெயநகர் | 14-03-2025, காலை 7:30

முதல் மூணு சரி. அடுத்த மூணுல எனக்கு மறுப்பு உண்டு.

நடுவுல வெச்சா அட்வான்டேஜ்: ரெண்டாவது ரவுண்டுலயே எல்லாரும் அப்படி நிப்பாங்க, அப்புறம் அட்வான்டேஜ் தர்ற மத்த எல்லாத்துக்கும் மதிப்பு போயிடும், காப்ளின்களும் உங்க ஃபைட்டரை அப்படியே சுத்தும். +2 கொடுங்க, போதும்.

ஃபம்பிள் வேண்டவே வேண்டாம். ரவுண்டுக்கு ஒரு அடி அடிக்கிறவனுக்கு 5%. ரெண்டு அடிக்கு 9.75%. 20-ஆம் லெவல் ஃபைட்டர் நாலு அடி அடிக்கிறான், ரவுண்டுக்கு 18.5%. உலகத்துலேயே சிறந்த வாள்வீரன் அஞ்சாறு ரவுண்டுக்கு ஒருதடவை வாளைக் கீழே போடுவான். எதிரியை சேவ் (தப்பிக்கிற உருட்டு) போட வைக்கிற மந்திரம் மட்டும் விடுற விஸார்டு ஒருதடவைகூட ஃபம்பிள் ஆகமாட்டான். தேர்ச்சிக்குத் தண்டனை தர்ற விதி இது.

கும்பல் விதி நேரத்தை மிச்சப்படுத்தும், ஆனா ஓரத்துல தப்பும். தேவை 6 முதல் 12 வரைக்கும் ரெண்டு பேருக்கு ஒரு அடி, 13-14-க்கு மூணு பேருக்கு ஒண்ணு. ஏசி 18 ஃபைட்டரை 8 காப்ளின் அடிச்சா தேவை 14: விதிப்படி 2 அடி, உண்மையான சராசரி 2.8. ஏசி 10 ஆளை 10 காப்ளின் அடிச்சா தேவை 6: விதிப்படி 5, உண்மையில 7.5. கவசமே இல்லாதவனுக்கு இது பெரிய தள்ளுபடி. கிரிட்டும் கிடையாது.

8 பேருக்கு நான் செய்யச் சொல்றது: எட்டு டி20-ஐ ஒரே வீச்சுல உருட்டுங்க, தேவைக்குக் கீழ இருக்கிறதை ஒதுக்குங்க, மிச்சத்தை எண்ணி 5-ஆல பெருக்குங்க. காப்ளினோட அடி புத்தகத்துலயே 5 (1டி6+2)-ன்னு போட்டிருக்கு. கும்பல் விதியை 20 பேருக்கு மேல வெச்சுக்குங்க.

நேரத்துக்கு இன்னொண்ணு: ஆட்டக்காரங்க அடிப் பகடையையும் டி20-ஐயும் சேர்த்தே உருட்டட்டும். ஒரு ஆளுக்கு 2 நிமிஷம்னா அஞ்சு பேரும் டிஎம்மும் சேர்ந்து ரவுண்டுக்கு 12 நிமிஷம், நாலு ரவுண்டு 48. ஆளுக்கு அரை நிமிஷம் மிச்சம் பிடிச்சா 36. பர்ப்பிள் லைன் மெட்ரோ பிடிக்கிறவங்களுக்கு அது பெரிசு.

பானஸ்வாடி | 14-03-2025, இரவு 10:45

வெடிக்கிற பகடை பத்தி யாரும் பேசலை. சேவேஜ் வேர்ல்ட்ஸ்ங்கிற விளையாட்டுல அதிகபட்ச எண் விழுந்தா திரும்ப உருட்டிக் கூட்டலாம். அதுல ஒரு விசித்திரம்: தேவை 6-க்கு டி4 வெச்சிருக்கிறவன் 18.75%, டி6 வெச்சிருக்கிறவன் 16.7%. கூடவே உருட்டுற வைல்டு டி6 சேர்த்தாலும் 32.3-க்கு 30.6. திறமை குறைஞ்சவன் முந்துறான். வழக்கமான தேவை 4-இல் இந்தக் கோளாறு இல்லை.

அல்சூர் | 14-03-2025, இரவு 11:20

நம்ம தாயத்துலயும் வெடிக்கிற பகடைதானே. ரெண்டு தாயக்கட்டை, முகங்கள் 0, 1, 2, 3. ரெண்டும் 0-ன்னா 12. 1, 5, 6, 12 விழுந்தா மறுபடி உருட்டு. ஊருக்கு ஊர் விதி மாறும், இந்த விதியில 16-இல் 6 தடவை மறு உருட்டு, ஒரு முறைக்குச் சராசரி 1.6 வீச்சு.

காய் இறக்கத் தாயம் விழணும். ஒரு வீச்சுல 2/16. ஆனா 5, 6, 12 விழுந்தா இன்னொரு வாய்ப்பு வருது, அது 4/16. முறைக்கு வாய்ப்பு ப-ன்னு வெச்சா, ப = 1/8 + ப/4. ப = 1/6. சரியா ஆறுமுகப் பகடையில 6 விழற வாய்ப்பு! பத்து முறை போயும் காய் இறங்காம உட்கார்ந்திருக்க 16%.

ஒயிட்ஃபீல்டு | 17-03-2025, காலை 8:10

ஃபம்பிளைத் தூக்கிட்டேன், நடுவுல வெச்சா +2. எட்டு பகடை வீச்சு ரொம்ப வேகம். கடைசியா ஒரு சந்தேகம்: ஒருத்தரோட டி20-இல் 20 அதிகமா விழுதுன்னு மேசையில முணுமுணுப்பு. எப்படிப் பார்க்கிறது?

ஜெயநகர் | 17-03-2025, இரவு 9:40

முதல்ல அளந்து பாருங்க. எஸ்.பி. ரோட்டுல டிஜிட்டல் காலிப்பர் (தடிமன் அளக்கிற கருவி) கிடைக்கும். டி20-இல் எதிரெதிர் முகங்கள் பத்து ஜோடி, ஒவ்வொண்ணும் கூட்டினா 21. பத்து ஜோடியோட தடிமனையும் அளந்து எழுதுங்க. எந்த ஜோடி தெளிவா குறைஞ்சிருக்கோ அந்தப் பக்கம் பகடை தட்டையா இருக்கு, அந்த ரெண்டு எண்ணும் மேல வரப் பார்க்கும். 20-1 ஜோடி தட்டைன்னா 20 மட்டுமில்லை, 1-உம் கூடணும். 20 மட்டும் கூடினா உள்ளே காற்றுக் குமிழி இருக்கலாம், அதைக் காலிப்பர் காட்டாது.

அப்புறம் உருட்டிப் பாருங்க. நூறு உருட்டுல ஒரு முகத்துக்கு 5 எதிர்பார்ப்பு. ஒவ்வொரு முகத்துக்கும் வந்த எண்ணிக்கையிலிருந்து 5-ஐக் கழிச்சு, வர்க்கமாக்கி, 5-ஆல வகுத்து, இருபதையும் கூட்டுங்க. 30.14-ஐத் தாண்டினா சந்தேகத்துக்கு இடமிருக்கு. 20 பதினொரு தடவை வந்தாலும் அது தர்றது 7.2 மட்டும்தான்.

ஆனா நூறு பத்தாது. 20 விழுற வாய்ப்பு 5%-லிருந்து 8% ஆயிருந்தாலும் நூறுல 8 தடவைதான் எதிர்பார்க்கலாம், நல்ல பகடையிலும் 8 சாதாரணமா வரும். ஐந்நூறுல நல்ல பகடை 25-க்கு இப்படி அப்படி அஞ்சு தள்ளி நிக்கும், கெட்டது 40 கிட்ட போகும். அப்போ தெளிவா பிரியும். பகடையைக் கையிலேயே திருப்பிப் போடாம ஒரு டம்ளர்ல குலுக்கி, விளிம்பு வெச்ச தட்டுல கொட்டுங்க. ஒருத்தர் உருட்ட, ஒருத்தர் எழுத, ஐந்நூறு முடிய ஒரு மணி நேரம் ஆகும்.